நம்ம பிஎஃப் காசும் கம்பெனிகளோட மனித உரிமை லட்சணமும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருப்பூர்ல ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனில ஒம்போது வருஷம் கம்ப்ளையன்ஸ் வேலை பாத்தேன். பையர், அதாவது சரக்கு வாங்குற வெளிநாட்டு கம்பெனி, ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினா ஃபைல் எடுத்துக் காட்டுறது, தீயணைப்பு சிலிண்டர்ல தேதி முடிஞ்சிருச்சான்னு பாக்குறது, டைலர்ங்களுக்கு "கேட்டா இப்டி சொல்லுங்க"ன்னு பாடம் எடுக்குறது, இதான் வேலை. இப்ப அதுல இல்ல. ஆனா ஷேர் வாங்கி விக்கிற கூட்டாளிங்களும் சரி, யூனியன்ல இருக்குற தோழருங்களும் சரி, ரெண்டு பக்கமும் என்கிட்ட சுத்தி சுத்தி ஒரே மாதிரி கேள்விதான் கேக்குறாங்க: நம்ம காச வச்சிருக்குற பெரிய ஃபண்டுங்க நெனச்சா கம்பெனிங்கள மனித உரிமைய மதிக்க வைக்க முடியுமான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை வத்திப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

இன்ஸ்டிட்யூஷனல் இன்வெஸ்டர்னா யாருங்க? அம்பானி மாதிரி ஆளா?

இல்லீங்க. ஊர்ல இருக்குறவங்க காசையெல்லாம் ஒண்ணா சேத்து மொத்தமா முதலீடு பண்றவங்கதான் இவங்க. எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்டுங்க, பென்ஷன் ஃபண்டுங்க, வெளிநாட்டுல பாத்தா சர்ச், யுனிவர்சிட்டி, அப்புறம் நார்வே மாதிரி எண்ணெய் வித்த காசை மொத்தமா ஒரு ஃபண்டுல போட்டு வச்சிருக்குற நாடுங்க. நார்வே ஃபண்டு மட்டும் உலகத்துல ஷேர் மார்க்கெட்ல பட்டியலிட்ட கம்பெனி ஷேர் எல்லாத்துலயும் சேத்து சுமார் ஒன்றரை சதவீதம் வச்சிருக்கு, யோசிச்சு பாருங்க, கம்பெனி எண்ணிக்கையே பல ஆயிரம்.

இதுல நமக்கு என்னன்னு கேக்காதீங்க. நம்ம பிஎஃப் ஆபீஸ் 2015 ஆகஸ்ட்ல இருந்து புதுசா வர்ற காசுல ஒரு பங்கை ஷேர் மார்க்கெட் இடிஎஃப்ல, அதாவது பெரிய கம்பெனி ஷேர் எல்லாத்தையும் மொத்தமா வச்சிருக்குற ஃபண்டுல போடுது, முதல்ல 5 சதவீதம், அப்புறம் 10, 2017-ல 15 ஆச்சு. அதாவது ஓவர்லாக் மெஷின் ஓட்டுற அக்காவுக்கு மாசாமாசம் சம்பளத்துல 12 சதவீதம் பிடிக்கிறாங்கல்ல, அதுல ஒரு துளி நாட்டுல இருக்குற பெரிய கம்பெனி எல்லாத்துலயும் ஷேரா உக்காந்திருக்கு. அந்த அக்காவுக்கு இது தெரியாது, யாரும் சொன்னதும் இல்ல.

மனித உரிமையெல்லாம் அரசாங்கத்தோட வேலையாச்சே, கம்பெனிக்கு எங்க இருந்து வந்துச்சு?

இதுக்கு ஐநா ஒரு பதில் எழுதி வச்சிருக்கு. ஜான் ரக்கின்னு ஒரு ஹார்வர்டு பேராசிரியர் பல வருஷம் அரசாங்கம், கம்பெனி, பாதிக்கப்பட்டவங்கன்னு எல்லார்கிட்டயும் பேசி தயார் பண்ணின வழிகாட்டு நெறிகளை 2011 ஜூன்ல மனித உரிமை கவுன்சில் ஏத்துக்கிச்சு. மொத்தம் 31 நெறி. சாரம் சின்னதுதான்: மக்களோட உரிமைய காப்பாத்த வேண்டியது அரசாங்கம், கெடுக்காம நடந்துக்க வேண்டியது கம்பெனி, கெட்டுப்போச்சுன்னா பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைக்க வழி பண்ண வேண்டியது ரெண்டு பேரும். "எங்க ஊர் சட்டத்துல இதுக்கு தடை இல்லையே"ன்னு கம்பெனி தப்பிக்க முடியாது. சப்ளையர் பண்ணான், கான்ட்ராக்டர் பண்ணான்னும் கைகழுவ முடியாது.

இதுல முக்கியமான விஷயம், முதலீட்டாளரும் ஒரு கம்பெனிதான். அதனால அவருக்கும் அதே பொறுப்பு. இத ஃபண்டுக்காரங்க ஏத்துக்கவே கொஞ்ச வருஷம் ஆச்சு, அந்த கதைய கீழ சொல்றேன்.

இது புது ஃபேஷனா? இஎஸ்ஜி, கிஎஸ்ஜின்னு இப்பதானே பேசுறாங்க?

பேர்தான் புதுசு (இஎஸ்ஜின்னா சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணையும் பாத்து முதலீடு பண்றது). 1971-லயே அமெரிக்காவுல எபிஸ்கோபல் சர்ச் ஜெனரல் மோட்டார்ஸ் ஷேர்ஹோல்டர் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டு போச்சு, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடக்குது, கடைய மூடிட்டு வெளிய வாங்கன்னு. தோத்துச்சு, சும்மா இல்ல, படுதோல்வி. ஆனா அந்த போர்டுல அப்பதான் சேந்திருந்த லியோன் சல்லிவன்ங்கிற கறுப்பின பாதிரியார் தன்னோட சொந்த போர்டுக்கு எதிராவே எந்திரிச்சு பேசினாரு. 1986-ல கலிஃபோர்னியா மாநிலம் தன் பென்ஷன் காசை தென்னாப்பிரிக்காவுல தொழில் பண்ற கம்பெனிங்க கிட்ட இருந்து எடுக்கணும்னு சட்டமே போட்டுச்சு. முதல் தீர்மானத்துக்கும் அந்த சட்டத்துக்கும் நடுவுல 15 வருஷம். இந்த வேகத்த மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இந்த விஷயத்துல எல்லாமே இந்த வேகத்துலதான் நடக்கும்.

ஒரு சதவீதம் கூட ஷேர் இல்லாதவன் எப்டி பொறுப்பாவான்?

நார்வே ஃபண்டும் இதேதான் கேட்டுச்சு. ஒடிசாவுல ஜகத்சிங்பூர் பக்கம் கொரியாவோட போஸ்கோ கம்பெனி 2005-ல ஒப்பந்தம் போட்டுச்சு, வருஷத்துக்கு 1.2 கோடி டன் ஸ்டீல், 1200 கோடி டாலர் முதலீடு. வெத்தலை கொடிக்கால் வச்சு பொழைக்கிற ஜனங்க நிலத்த தர மாட்டோம்னு படுத்துட்டாங்க, போலீஸ், வழக்கு, அடிதடின்னு வருஷக்கணக்கா ஓடுச்சு. 2012-ல சில அமைப்புங்க சேந்து ஓஇசிடிங்கிற பணக்கார நாடுங்க கூட்டமைப்போட விதிப்படி கொரியா, நெதர்லாந்து, நார்வே மூணு நாட்டுலயும் புகார் குடுத்தாங்க. கம்பெனி மேல மட்டும் இல்ல, அதுல ஷேர் வச்சிருந்த டச்சு பென்ஷன் ஃபண்டு ஏபிபி, அதோட காச நிர்வகிக்கிற ஏபிஜி மேலயும், நார்வே ஃபண்ட நடத்துற பேங்க் பிரிவு மேலயும் சேத்து.

டச்சுக்காரங்க உக்காந்து பேசினாங்க. நார்வேக்காரங்க, நாங்க வச்சிருக்கறதே 0.9 சதவீதம், சிறுபான்மை பங்குதாரருக்கு இந்த விதியே பொருந்தாதுன்னு சொல்லிட்டாங்க. 2013-ல நார்வேயோட சொந்த புகார் அமைப்பே அவங்களுக்கு எதிரா முடிவு சொல்லிச்சு: பொருந்தும், எவ்வளவு சின்ன பங்கா இருந்தாலும் பொருந்தும், அதோட நீங்க ஒத்துழைக்கவும் இல்ல, மனித உரிமைக்குன்னு முழுசா ஒரு திட்டமும் உங்ககிட்ட இல்லன்னு. எனக்கு இந்த முழு விவகாரத்துலயும் ரொம்ப பிடிச்ச இடம் இதான். வெத்தலை தோட்டத்துக்காரனுக்காக குடுத்த புகாரு ஆஸ்லோவுல போயி உலகத்துலயே பெரிய ஃபண்டு கிட்ட "நீயும் பதில் சொல்லு"ன்னு கேட்டிருக்கு.

போஸ்கோ கடைசில 2017-ல திட்டத்த விட்டுட்டு போயிருச்சு. ஃபண்டுங்க சொல்லி போகல, ஜனங்க விடல, கூடவே சுரங்க சட்டமும் மாறிருச்சு.

மோசமான கம்பெனின்னா ஷேர வித்துட்டு போயிடலாமே, அதான நியாயம்?

எல்லாரும் முதல்ல சொல்றது இதான். இதுக்கு நம்ம ஊர்லயே கதை இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2007-ல நார்வே ஃபண்டோட நெறிமுறை கவுன்சில் லண்டன்ல பட்டியலிட்டிருந்த வேதாந்தா ரிசோர்சஸ பத்தி ஒரு அறிக்கை குடுத்துச்சு. அதுல அந்த கம்பெனியோட நாலு இடத்த எடுத்து பாத்தாங்க: தூத்துக்குடி ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ, சத்தீஸ்கர் கோர்பாவுல பால்கோ, ஒடிசா லாஞ்சிகர் அலுமினா ஆலை. நாலுல ரெண்டு நம்ம தமிழ்நாடு. சுற்றுச்சூழல் சேதம், மனித உரிமை மீறல் ரெண்டும் திரும்ப திரும்ப நடக்குது, மாறும்னு நம்பிக்கை இல்லன்னு எழுதினாங்க. அந்த நவம்பர்ல நார்வே அரசாங்கம் வித்துட்டோம்னு வெளிப்படையா அறிவிச்சுது, வேதாந்தா மட்டும் இல்ல, ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், மெட்ராஸ் அலுமினியம் (மேல சொன்ன மால்கோதான்) மூணையும் விலக்கி வைக்கிற பட்டியல்ல போட்டாங்க.

2010 பிப்ரவரில சர்ச் ஆஃப் இங்கிலாந்து தன்கிட்ட இருந்த சுமார் 38 லட்சம் பவுண்டு மதிப்புள்ள வேதாந்தா ஷேர வித்துச்சு. அதே மாசம் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையும் வித்துச்சு. டச்சு பென்ஷன் ஃபண்டு பிஜிஜிஎம்மும் அந்த வருஷம் வெளிய போச்சு. இதுக்கெல்லாம் காரணம் ஒடிசா நியமகிரி மலை, டோங்கிரியா கோண்ட் பழங்குடிங்க சாமியா கும்பிடுற மலைல பாக்சைட் வெட்டுற திட்டம். இதுக்கு முன்னாடியே 2009-ல பிரிட்டனோட ஓஇசிடி புகார் அமைப்பு, கம்பெனி அந்த ஜனங்க கிட்ட ஒழுங்கா கலந்து பேசவே இல்லன்னு சொல்லியிருந்துச்சு.

சரி, வித்ததால என்ன ஆச்சு? செய்தி ஆச்சு, அது உண்மை. லண்டன் பத்திரிகைல நியமகிரிங்கிற பேரு அடிபட்டுச்சு, டெல்லிலயும் காது கேட்டுச்சு. 2010 ஆகஸ்ட்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டு அனுமதிய மறுத்துச்சு. 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் "கிராம சபை முடிவு பண்ணட்டும்"னு சொல்லிச்சு, 12 கிராம சபையும் ஒண்ணு விடாம வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மலைய காப்பாத்தினது அந்த 12 கூட்டம், லண்டன்ல ஷேர் வித்தவங்க இல்ல. வித்தவங்க சத்தம் கூட சேந்துச்சு, அவ்வளவுதான்.

இப்ப தூத்துக்குடிக்கு வாங்க. 2007 அறிக்கைலயே தூத்துக்குடி இருக்குன்னு சொன்னேன்ல. 2013-ல சுப்ரீம் கோர்ட்டே மாசுக்காக 100 கோடி ரூபா இழப்பீடு கட்ட சொல்லிச்சு, ஆலைய மூடல. 2018 மே 22, போராட்டத்தோட நூறாவது நாள், போலீஸ் துப்பாக்கிச்சூடு, 13 பேர் செத்தாங்க. நார்வே எழுதி வச்சு பதினோரு வருஷம் ஆச்சு அதுக்குள்ள. நார்வே வித்த ஷேர வேற யாரோ வாங்கிட்டாங்க, வாங்கினவன் நெறிமுறை அறிக்கைய படிக்கிற ஆளா இருப்பானா? அதே வருஷம் அக்டோபர்ல வேதாந்தா ரிசோர்சஸ் லண்டன் மார்க்கெட்ட விட்டே வெளிய போயிருச்சு, முதலாளி குடும்பமே மிச்ச ஷேர வாங்கிக்கிட்டாங்க. வருஷா வருஷம் லண்டன் ஷேர்ஹோல்டர் கூட்டத்துல ஆள் எந்திரிச்சு நின்னு சேர்மன் மூஞ்சிக்கு நேரா கேள்வி கேட்டுட்டு இருந்தாங்க, அந்த இடமும் போச்சு.

அதனால விக்கிறது தப்புன்னு சொல்லல. கையில கறை வேணாம்னா வித்துத்தான் ஆகணும். ஆனா வித்த அன்னிக்கே உங்க ஓட்டும் போயிருச்சுங்கிறத மறந்துடக்கூடாது.

அப்ப விக்காம உள்ள இருந்தே சாதிச்ச கதை ஏதும் உண்டா?

உண்டு, ரியோ டின்டோ. 2020 மே 24, மேற்கு ஆஸ்திரேலியா பில்பரா பகுதில ஜூகன் கோர்ஜ்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க பூட்டு குந்தி குர்ரமா, பினிகுரா ஜனங்களோட 46,000 வருஷ பழைய பாறை குகைகள இரும்பு சுரங்கத்துக்காக வெடி வச்சு தகர்த்துட்டாங்க. அந்த குகைல 4,000 வருஷ பழைய தலைமுடி பின்னல் ஒண்ணு கிடைச்சிருந்துச்சு, டிஎன்ஏ பாத்தா இப்ப உசுரோட இருக்குற அந்த ஜனங்களோட பொருந்துது. அவ்வளவு தெரிஞ்சும் வெடி வச்சாங்க. இத கவனிங்க, அது சட்டப்படி குற்றம் இல்ல, 2013-லயே அரசாங்க அனுமதி வாங்கியாச்சு.

முதல்ல போர்டு என்ன பண்ணுச்சுன்னா, உள்விசாரணை வச்சு சிஇஓவும் இன்னும் ரெண்டு பேரும் வாங்க வேண்டிய போனஸ வெட்டிட்டு விஷயம் முடிஞ்சுதுன்னு நெனச்சுச்சு. ஆஸ்திரேலியா பென்ஷன் ஃபண்டுங்க, ஆஸ்திரேலியன்சூப்பர், ஹெஸ்டா மாதிரி, விடல. 46,000 வருஷத்துக்கு போனஸ் வெட்டுதான் விலையான்னு வெளிப்படையாவே கேட்டாங்க. ஃபண்டு மேனேஜருங்க சாதாரணமா இப்டி பேச மாட்டாங்க, மூடின கதவுக்கு பின்னாடி காபி குடிச்சுட்டே பேசுற ரகம். செப்டம்பர் 11-ந் தேதி மூணு பேரும் வெளிய போறாங்கன்னு அறிவிப்பு வந்துச்சு. அடுத்த மார்ச்ல சேர்மனும் நான் திரும்ப நிக்கலன்னாரு. 2021 மே கூட்டத்துல, வெளிய போன அந்த சிஇஓவுக்கு குடுத்த சம்பள அறிக்கைக்கு எதிரா 60 சதவீதத்துக்கும் மேல ஓட்டு விழுந்துச்சு.

ஏன் இங்க மட்டும் வேலை செஞ்சுது? என் கணிப்பு: அந்த ஜனங்க வாய திறந்து பேசினாங்க, பார்லிமென்ட் விசாரணை நடந்துச்சு, ஃபண்டுல காசு போட்ட சாதாரண ஆஸ்திரேலியாக்காரனுக்கே கோவம் வந்துச்சு, அந்த கோவம் ஃபண்டு ஆபீஸ் போன்ல ஒலிச்சுது. முக்கியமா ரியோவுல பெரும்பான்மை ஷேர் வச்சிருக்குற முதலாளி குடும்பம்னு ஒண்ணு இல்ல. குகை திரும்ப வராது, அது வேற.

உள்ள இருந்து பேசுறதுன்னா என்ன பண்ணுவாங்க?

முதல்ல லெட்டர். அப்புறம் மீட்டிங். பதில் சரியில்லன்னா நாலு ஃபண்டு சேந்து கையெழுத்து போட்ட லெட்டர். அடுத்து இயக்குநர் மறுநியமனத்துக்கோ சம்பள அறிக்கைக்கோ எதிரா ஓட்டு, அதுவும் பத்தலன்னா தாங்களே ஒரு தீர்மானம் கொண்டு வர்றது, பேப்பர்ல பேட்டி. கடைசில விக்கிறது. நிறைய ஃபண்டு முதல் ரெண்டு படியிலயே குடித்தனம் நடத்திட்டு வருஷ முடிவுல "இத்தன கம்பெனியோட பேசினோம்"னு அறிக்கை போடும். பேசினதுல என்ன மாறுச்சுன்னு ஒரு வரி இருக்காது.

2006-ல ஐநா ஆதரவோட பொறுப்பான முதலீட்டு கோட்பாடுகள்னு ஒண்ணு தொடங்கினாங்க, பிஆர்ஐன்னு சொல்வாங்க, கோஃபி அன்னான் நியூயார்க் பங்குச்சந்தைல தொடங்கி வச்சாரு. ஆயிரக்கணக்குல ஃபண்டுங்க கையெழுத்து போட்டிருக்கு. கையெழுத்து போடுறது சுலபம்ங்க, அது தப்பு இல்ல, அதுவே போதும்னு நெனைக்கிறதுதான் தப்பு.

இந்தியாவுல ஏன் இந்த மாதிரி எதுவும் நடக்க மாட்டேங்குது?

ஒரே வார்த்தைல சொன்னா, புரமோட்டர், அதாவது கம்பெனிய கையில வச்சிருக்குற முதலாளி. நம்ம ஊர்ல பாதிக்கு மேல ஷேர் முதலாளி குடும்பத்து கையிலயோ அரசாங்கத்து கையிலயோ இருக்குற கம்பெனிதான் ஏராளம், மிச்ச ஃபண்டு எல்லாம் சேந்து எதிர்த்து ஓட்டு போட்டாலும் பாதிக்கு மேல ஓட்டு போதும்ங்கிற சாதாரண தீர்மானம் பாஸ் ஆயிரும்.

ரெண்டாவது, தீர்மானம் கொண்டு வர்றதுக்கான வாசல். அமெரிக்காவுல மூணு வருஷம் 2,000 டாலர் ஷேர் வச்சிருந்தாலே கூட்டத்துக்கு தீர்மானம் குடுக்கலாம், அதான் அங்க கன்னியாஸ்திரிங்க எல்லாம் துப்பாக்கி கம்பெனி கூட்டத்துல தீர்மானம் கொண்டு வர்றாங்க. பிரிட்டன்ல 5 சதவீதம், இல்லன்னா 100 பேர் சேந்தா போதும். நம்ம கம்பெனி சட்டப்படி 10 சதவீத ஓட்டு வேணும். பெரிய கம்பெனில 10 சதவீதம்னா பல ஆயிரம் கோடி, யாருகிட்ட இருக்கு?

ஆனா கை முழுசா கட்டியும் இல்ல. சிறப்பு தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு தேவை. 2022 ஜனவரில இருந்து பட்டியலிட்ட கம்பெனில சுயேச்சை இயக்குநர (முதலாளி பக்கம் சாராத போர்டு உறுப்பினர) நியமிக்கவே சிறப்பு தீர்மானம் வேணும்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி கொண்டு வந்துருச்சு. அதாவது புரமோட்டர் 60 சதவீதம் வச்சிருந்தாலும் ஃபண்டுங்க சேந்தா நியமனத்த நிறுத்தலாம். "ஆலைல ரெண்டு பேர் செத்தப்ப பாதுகாப்பு கமிட்டில நீங்கதானே இருந்தீங்க"ன்னு கேட்டு ஓட்டு போடலாம். இந்த ஆயுதத்த மனித உரிமைக்குன்னு யாரும் பெருசா எடுக்கல, எடுத்ததெல்லாம் சம்பளம், சொந்தக்காரங்க கூட பண்ற வியாபாரம் இதுக்குத்தான்.

என் மியூச்சுவல் ஃபண்டு எப்டி ஓட்டு போடுதுன்னு நான் பாக்க முடியுமா?

முடியும், நிறைய பேருக்கு தெரியாது. செபி 2020 ஜூலைல இருந்து மியூச்சுவல் ஃபண்டுங்களுக்கு ஸ்டீவர்ட்ஷிப் கோட், அதாவது ஷேர் வச்சிருக்குற கம்பெனிய கண்காணிக்கணும்ங்கிற விதி போட்டுச்சு, 2022 ஏப்ரல்ல இருந்து எல்லா தீர்மானத்துக்கும் ஓட்டு போட்டே ஆகணும்னு ஆச்சு. ஓட்ட வெளியிடவும் வேணும். ஃபண்டு வெப்சைட்டுல "சட்டப்படியான வெளியீடுகள்"ங்கிற மாதிரி ஒரு மூலைல ஒரு எக்செல் ஃபைல் கிடக்கும். போன்ல தொறக்காதீங்க, கண்ணு போயிரும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்ல தொறந்து பாத்தேன்: கூட்டம் நடந்த தேதி, கம்பெனி பேரு, தீர்மானம் என்னது, கொண்டு வந்தது நிர்வாகமா பங்குதாரரா, நிர்வாகம் என்ன சொல்லுது, நாங்க என்ன போட்டோம், ஏன் போட்டோம். கீழ இறங்கிட்டே இருந்தேன், ஆதரவு, ஆதரவு, ஆதரவு. "ஏன்"ங்கிற கட்டத்துல ஒரே வரி அச்சு மாதிரி திரும்ப திரும்ப, சட்டத்துக்கு உட்பட்டது, பாதகம் எதுவும் இல்ல. நடுவுல எங்கயாவது ஒரு எதிர்ப்பு வந்தா குளத்துல மீன் துள்ளின மாதிரி இருந்துச்சு, போய் பாத்தா எல்லாம் சம்பள விஷயம். கொண்டு வந்தது யாருங்கிற கட்டத்துல நான் பாத்த வரைக்கும் "நிர்வாகம்"தான்.

பிஆர்எஸ்ஆர் அறிக்கைன்னு ஒண்ணு வருதே, அதுல எல்லாம் இருக்காமே?

இது கம்பெனிங்க தங்களோட சமூக, சுற்றுச்சூழல் பொறுப்ப பத்தி வருஷா வருஷம் குடுக்குற அறிக்கை. 2022-23 நிதியாண்டுல இருந்து பட்டியலிட்ட முதல் 1000 கம்பெனிங்க கட்டாயமா குடுக்கணும். ஒம்போது கோட்பாடு, அதுல அஞ்சாவதுதான் மனித உரிமை. எத்தன பேருக்கு பயிற்சி குடுத்தீங்க, குறைஞ்சபட்ச கூலிக்கு மேல எத்தன பேரு வாங்குறாங்க, பாலியல் தொல்லை, குழந்தை தொழிலாளர், கொத்தடிமை, கூலி இதுல எத்தன புகார் வந்துச்சு, எத்தன நிலுவை. நல்ல கேள்விங்கதான். நிரந்தர ஆளு தனியா, மத்த ஆளு தனியா காட்டணும்ங்கறது ரொம்ப நல்லது, கான்ட்ராக்ட் ஆள் எண்ணிக்கை அங்கதான் பல்லிளிக்கும்.

பிரச்சனை, புகார் கட்டத்துல "இல்லை", "இல்லை"ன்னு வர்றது. பல ஆயிரம் பேர் வேலை செய்யுற இடத்துல வருஷம் பூரா ஒரு புகார் கூட இல்லன்னா அது நல்ல கம்பெனின்னு அர்த்தம் இல்ல, புகார் குடுக்க பயப்படுற கம்பெனின்னு அர்த்தம். நல்ல முதலீட்டாளர் பூஜ்யத்த பாத்தாதான் உஷாராகணும். எங்க கம்பெனிலயும் பூஜ்யம்தான், புகார் பெட்டி எம்டி ரூம் வாசல்ல சிசிடிவி கேமராவுக்கு கீழ இருந்துச்சு.

கம்பெனி சப்ளையர ஆடிட் பண்றாங்கல்ல, அத நம்பி முதலீடு பண்ணலாமா?

நானே ஆடிட்டுக்கு ஆள தயார் பண்ணினவன், என்கிட்ட கேக்குறீங்க.

எங்க ஊர்ல காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை, அதுக்கு பேரு ஒன்றரை ஷிப்ட். ஆடிட் வர்ற வாரம் மட்டும் எல்லாரும் அஞ்சரைக்கு கெளம்புவாங்க. ஃபர்ஸ்ட் எய்டு பெட்டில டெட்டால், பஞ்சு, பேண்டேஜ் எல்லாம் புதுசா உக்காரும், ஆடிட்டர் கார் கேட்ட தாண்டினதும் பெட்டிய பூட்டி சாவி என் டிராயருக்கு வந்துரும். வருகை ரெஜிஸ்டர் ரெண்டு. ஒரு தடவ ஆடிட்டரம்மா செக்கிங் டேபிள்ல இருந்த ஒரு பொண்ணுகிட்ட "ஓவர்டைம் பாக்குறியாம்மா"ன்னு கேட்டாங்க. அந்த பொண்ணு இல்லீங்க மேடம்னு சொல்லிட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. ஆடிட்டரம்மா எழுதிக்கிட்டாங்க. அந்த ஒரு வரி பையருக்கு போய், பையரோட வருடாந்திர அறிக்கைல ஒரு சதவீதமா மாறி, அத பாத்து ஏதோ ஊர்ல ஒரு பென்ஷன் ஃபண்டு "இந்த கம்பெனி சப்ளை செயின் சுத்தம்"னு டிக் போட்டிருக்கும்.

டாக்கா ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24-ல இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்களே, அந்த கட்டடத்துல இருந்த ஃபேக்டரிங்கள்லயும் ஆடிட் நடந்திருந்துச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்லணும்னா திண்டுக்கல் ஒப்பந்தம். 2021 ஜனவரில நாச்சி அப்பேரல் ஆலைல வேலை பாத்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டாங்க, அதே ஆலை சூப்பர்வைசர் கைதானாரு. அங்க பொண்ணுங்களுக்கு நடந்த தொல்லைகள பத்தி தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாம பேசுச்சு. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்சும் அமெரிக்க தொழிலாளர் அமைப்பும் கூட நின்னு, 2022-ல அந்த ஆலையோட தாய்க் கம்பெனி ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அங்க சரக்கு வாங்குன எச் அண்ட் எம், அப்புறம் கேப், பிவிஎச் எல்லாரோடயும் ஒப்பந்தம் ஆச்சு. சப்ளையர் மீறினா பையர் ஆர்டர்ல கை வைக்கலாம். தொழிலாளிங்கள்ல இருந்தே பயிற்சி குடுத்த ஆளுங்க ஷாப் ஃப்ளோர்ல கவனிப்பாங்க. அந்த வருஷம் ஜூலைல அமெரிக்க சுங்கத்துறை அந்த ஆலை சரக்க தடுத்துச்சு, ஒப்பந்தம் நடக்குற விதத்த பாத்து செப்டம்பர்ல தடைய எடுத்துருச்சு. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் மூணும் பட்டியலிட்ட கம்பெனி, உலகத்துல பாதி பென்ஷன் ஃபண்டு அதுல ஷேர் வச்சிருக்கும். அந்த ஃபண்டுங்க கேக்க வேண்டிய கேள்வி "எத்தன ஆடிட் பண்ணீங்க" இல்ல, "இந்த மாதிரி ஒப்பந்தத்துல எத்தன ஃபேக்டரி இருக்கு, யூனியன் இருக்கா, யூனியன் என்ன சொல்லுது"ங்கறதுதான்.

மனித உரிமைன்னு பாத்தா லாபம் குறையாதா? ஃபண்டோட கடமை வருமானம் குடுக்குறதுதானே?

தூத்துக்குடி ஆலை வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுத்துச்சு. 2018 மே 28-ல மூடினாங்க, 2020-ல சென்னை ஹைகோர்ட் மூடினது சரின்னு சொல்லிச்சு, 2024 பிப்ரவரி 29-ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பீல தள்ளிருச்சு. போஸ்கோ 12 வருஷம் காத்திருந்து ஒரு டன் ஸ்டீல் உருக்கல. லாஞ்சிகர்ல ஆலைய கட்டிட்டு பக்கத்து மலைல கல் கிடைக்காம வெளிய இருந்து பாக்சைட் வாங்கி ஓட்டுறாங்க. இது எதுவும் எக்செல் ஷீட்டுல "ரிஸ்க்"ங்கிற கட்டத்துல முன்னாடி வரல.

ஆனா எப்பவும் இப்டி ஆகாது, ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்ட் ஓட்டி பல வருஷம் கொழுத்த லாபம் பாத்த கம்பெனி எனக்கே தெரியும். லாபத்துக்காக மட்டும் மனித உரிமை பாக்குற ஃபண்டு, லாபம் வர்ற மீறல கண்டுக்காது. அதனாலதான் ஐநா நெறில கம்பெனிக்கு வர்ற ஆபத்த பாக்காத, ஜனங்களுக்கு வர்ற ஆபத்த பாருன்னு எழுதி வச்சிருக்கு.

இண்டெக்ஸ் ஃபண்டு என்ன பண்ண முடியும்? அதுல ஆளே இல்லையே?

நிஃப்டி மாதிரி ஒரு இண்டெக்ஸ்ல இருக்குற கம்பெனி ஷேர அப்டியே வாங்கி வைக்கிற ஃபண்டு அது. அது நெனச்சாலும் விக்க முடியாது, இண்டெக்ஸ்ல இருக்குற வரைக்கும் வச்சுத்தான் ஆகணும். அதனால ஓட்டும் பேச்சும்தான் அதோட ஒரே கருவி. நம்ம பிஎஃப் காசு போறதும் இந்த வழிதான், ஓட்டு இடிஎஃப் நடத்துற கம்பெனி கையில.

இஎஸ்ஜி ஃபண்டு வாங்கினா நிம்மதியா தூங்கலாமா?

போர்ட்ஃபோலியோ லிஸ்ட்ட ஒரு தடவ பாத்துட்டு தூங்குங்க. நிறைய இஎஸ்ஜி ஃபண்டுல பேங்கும் ஐடி கம்பெனியும்தான் நிறைஞ்சிருக்கும், ஏன்னா புகை இல்ல. அந்த ஐடி ஆபீஸ கூட்டிப் பெருக்குற கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன கூலின்னு ஸ்கோர்ல வராது.

சாதாரண ஆளு நான், என்ன பண்றது?

எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல காசு போடுறீங்கன்னா உங்க ஃபண்டுக்கு ஒரு மெயில் போடுங்க. பொதுவா "மனித உரிமைய மதிக்கிறீங்களா"ன்னு கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். ஒரு கம்பெனி, ஒரு சம்பவம், ஒரு தீர்மானம்னு கேளுங்க: இந்த ஆலைல விபத்து நடந்த வருஷம் இந்த இயக்குநருக்கு ஏன் ஆதரவா ஓட்டு போட்டீங்க, போடுறதுக்கு முன்னாடி தொழிலாளிங்க யார்கிட்டயாவது பேசினீங்களா. யூனியன்காரங்க இன்னும் ஒரு படி மேல போகலாம், உங்க ஆலை சரக்கு எந்த பிராண்டுக்கு போகுது, அந்த பிராண்டுல எந்த பென்ஷன் ஃபண்டு இருக்குன்னு தேடி, அவங்களுக்கே நேரா எழுதலாம், தமிழ்ல எழுதினாலும் மொழிபெயர்த்துக்குவாங்க. நார்வேயோட நெறிமுறை கவுன்சில் மாதிரி இடத்துக்கு தரைல இருந்து வர்ற தகவல் தங்கம், அவங்க ஆபீஸ்ல இருந்து பாத்தா பூட்டின ஃபர்ஸ்ட் எய்டு பெட்டி தெரியாது.

நானும் என் ஃபண்டுக்கு போட்டேன். பன்னெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, அந்த எக்செல்ல இருந்த அதே வரி, கூட ஒரு நன்றி. கேள்வியோட நம்பர் போட்டு திரும்ப அனுப்பியிருக்கேன், இந்த தடவ கீழ என் ஃபோலியோ நம்பரோட (ஃபண்டுல என் கணக்கு நம்பர்), கூட எஸ்ஐபி போடுற ஆறு கூட்டாளிங்க ஃபோலியோ நம்பரும் சேத்து.